வாய் மூடிப் பாடியவர்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் பத்தொன்பதாம் வருடம்.
கூரை இல்லாத தேவாலயம்.
பதினான்கு பெண்கள், ஐந்து ஆண்கள்,
அதில் ஒருவர் நெஞ்சுக்குள் போர்முனைப் புகை.
அவரைத்தான் பேஸ் பாட வைத்தோம்.
அகதி முகாமிலிருந்து திரும்பியவர்கள்
முதலில் ஓடு வேய்ந்திருக்க வேண்டும்.
நாங்கள் சுருதி சேர்த்தோம்.
மலையிலிருந்து இறங்கிய புர்யா காற்று
உச்ச ஸ்வரங்களை மட்டும் பிடுங்கிப் போனது.

வருகை எழுதுவது என் வேலை.
ஆல்டோவில் கடைசி வரிசை, கையெழுத்து பரவாயில்லை
என்று லுட்விக் ருஸ்த்யா ஒப்படைத்தார்.
அவர் செருப்புத் தைப்பவர்.
தோல் கத்தியும் இசைக்கவையும் ஒரே பையில்.
வந்தால் கோடு. வராவிட்டால் காரணம்.
"திராட்சை அறுப்பு."
"பசு ஈன்றது."
"மிலோய்கா: ராஃப்கோவோடு பேச்சில்லை."
காரணங்கள் அப்போது அவ்வளவு சின்னவை.

இருபத்தேழில் காகிதம் வந்தது.
ஸ்லோவேனிய மொழியில் பாடக் கூடாது.
பாட்டுக்குழு என்று ஒன்றே கூடாது.
வோடொபிவெட்ஸ் என்ற குடும்பப் பெயர்
பெவிலாக்வா ஆயிற்று.
இரண்டுக்கும் பொருள் தண்ணீர் குடிப்பவன்.
ஒயின் தவிர வேறெதையும் தொடாத அந்தோன்
இப்போது இரண்டு மொழியிலும் பொய்யன்.

பாட்டுக்குத்தானே தடை, என்றார் லுட்விக்,
உதட்டைச் சேருங்கள்.

பூசை முடிந்ததும் மெழுகுவர்த்தி அணைக்கிற சாக்கில்
நின்றுகொண்டே முனகினோம்.
காஸ்பாரே என்ற காவலன், கலாப்ரியாக்காரன்,
தொப்பியை முழங்காலில் கவிழ்த்து
கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்,
இது எந்த மொழி என்று கண்டுபிடிக்க.
ஒரே ஒரு மெல்லெழுத்து.
அதை எப்படி அறிக்கையில் எழுதுவான்?
சொற்களைப் பல்லுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு
எட்டுக் குளிர்காலம் கடந்தோம்.

பிறகு காரணங்கள் கட்டத்தை மீறி எழுதப்பட்டன.
"ராஃப்கோ: அபிசீனியா." பிழையோடு எழுதி
அடித்துத் திருத்தியிருக்கிறேன்.
"அந்தோன்: எல்லை தாண்டினார்."
"வெனாந்த்சி: தெற்கே ஒரு தீவில் காவல்."
டெனர் வரிசையில் ஆள் இல்லை.
மிலோய்கா சோப்ரானோவிலிருந்து நடந்து வந்து
ராஃப்கோ நிற்கும் கல்லில் நின்றாள்.
அவனோடு இன்னும் பேச்சில்லை.
அவன் குரலை மட்டும் எடுத்துக்கொண்டாள்,
நான்காம் அடியில் எப்போதும் அரை ஸ்வரம் இறங்கி.

நாற்பத்திரண்டில் லுட்விக்கைக் கூட்டிப்போனார்கள்.
மூன்றாம் நாள் வந்தார்,
கீழ்வரிசைப் பல் இல்லாமல்.
இசைக்கவையைத் தட்டிப்
பல்லில் கடித்துச் சுருதி கேட்பது அவர் வழக்கம்.
அன்று நெற்றியெலும்பில் வைத்தார்.
கொஞ்ச நேரம் கண் மூடியிருந்துவிட்டு
"அதேதான்" என்றார்.

அடுத்த செப்டம்பர் இத்தாலி சரணடைந்த இரவு
மிலோய்கா வீட்டுப் பின்கதவைத் தட்டியது காஸ்பாரே.
சீருடையைக் கழற்ற வேண்டும்,
கலாப்ரியாவரை நடக்க வேண்டும்,
ஏதாவது சட்டை.
அவள் ராஃப்கோவின் கச்சேரிக் கோட்டைக் கொடுத்தாள்.
கை நீளம் போதவில்லை.
வேலி தாண்டும்போது அவன் முனகியது
எங்கள் டெனர், முழுக்க,
நான்காம் அடியில் அவள் பிழை உட்பட.
அதை அவள் என்னிடம் சொன்னது
பல வருடம் கழித்து, சிரித்துக்கொண்டு,
பிறகு சிரிக்காமல்.

ஜெர்மானியர் ஊரைக் கொளுத்தியபோது
நோட்டு ஒரு தேன்பெட்டிக்குள் இருந்தது.
அந்த இரண்டு வருடப் பக்கங்களை
மெழுகு ஒட்டிக்கொண்டது.
நான் பிரித்துப் பார்க்கவில்லை.

நாற்பத்தைந்து மே. மறுபடியும் கூரை இல்லை.
வாயைத் திறங்கள், என்றார் லுட்விக்.
முதல் சரணம் வந்தது.
இரண்டாவதில் பாதிப்பேர் ஒரு சொல், பாதிப்பேர் வேறு சொல்.
பெப்ட்சாவின் பத்து வயது மகள் திரும்பிப் பார்த்தாள்:
"இதுக்கு வார்த்தையெல்லாம் இருக்கா?"

பெண்கள் பதினொன்று. ஆண்கள் மூன்று.
ராஃப்கோ பெயருக்கு நேரே பேனாவை வைத்தேன்,
எடுத்துவிட்டேன்.
மிலோய்கா டெனரிலேயே நின்றாள்.
நகரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.
அதன் கீழே என் கையெழுத்தில்:
சன்னல் கண்ணாடி ஒன்று. கடன்.